காசிச் சொம்பும் ஜெய்ப்பூர் ரஜாயும்

தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரார் கொடுத்திருக்கும் வேலைகளில் ஒன்று, வடக்கே யாத்திரை வருகிற உறவுக்காரர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு போவது. கோடை விடுமுறையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் விருந்தாளி வராத வீடு நம் சங்கத்தில் இராது. வருகிறவர்கள் கையில் இரண்டு பட்டியல் இருக்கும். காசிப் பட்டியலில் கங்கைச் சொம்பு, அன்னபூரணி விக்கிரகம், காசிக் கயிறு, பனாரஸ் பட்டு. ஜெய்ப்பூர்ப் பட்டியலில் ரஜாய், அரக்கு வளையல், நீலப் பீங்கான், சாங்கானேர் அச்சுத் துணி, ராசிக்கல். பாத்திர வியாபாரம் காரணமாக இரண்டு ஊர்க் கடைத்தெருக்களும் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். ஒரு விஷயம் எப்போதும் கண்ணில் படும். அதே ஆள், அதே பணப்பை. ஆனால் காசியில் பொருள் வாங்கும்போது ஒரு மாதிரி நடந்துகொள்கிறார், ஜெய்ப்பூரில் வேறு மாதிரி. காசியில் பொருளைப் பார்ப்பதே இல்லை. ஊர்ப் பெயரைத்தான் பார்க்கிறார். ஜெய்ப்பூரிலோ பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்கிறார். இது ஏன் என்று தேடிப் படித்ததில் கிடைத்த சரித்திரச் செய்திகளை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு ஊர்ச் சரக்கை ஒப்பிடுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பாணினியின் இலக்கணத்துக்குப் பதஞ்சலி எழுதிய மகாபாஷ்யம் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அதில் ஓர் இலக்கண விதியை விளக்க வந்த இடத்தில், நீளமும் அகலமும் ஒன்றாகவே இருந்தாலும் காசித் துணிக்கு ஒரு விலை, மதுராத் துணிக்கு ஒரு விலை என்று உதாரணம் காட்டுகிறார். இங்கே மதுரா என்பது நம் மதுரை அல்ல, வடமதுரை. இலக்கணம் படிக்கிற மாணவனுக்குச் சட்டென்று விளங்கும்படி சொல்ல வேண்டுமானால், அந்த விலை வித்தியாசம் அன்றைக்கு ஊரறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். அதே நூலில் இன்னொரு குறிப்பும் உண்டு. வியாபாரிகள் வாரணாசியை ‘ஜித்வரி’ என்று அழைப்பார்களாம். ஜெயம் தருகிற ஊர் என்று பொருள். பக்தனுக்கு முக்தி க்ஷேத்திரம், வியாபாரிக்கு லாப க்ஷேத்திரம்! இரண்டாயிரம் வருஷமாக இவ்விரண்டும் ஒரே சந்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நடந்துகொண்டிருக்கின்றன.

1665இல் தவர்னியே என்ற பிரெஞ்சு இரத்தின வியாபாரி காசிக்கு வந்தார். நம்மைப் போல அவரும் கடைக்காரக் கண்ணோடு ஊரைப் பார்த்தவர். அவர் எழுதி வைத்ததில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, அங்கே ஒரு பெரிய சத்திரத்தின் நடுவில் பட்டும் பருத்தியும் விற்கும் இரண்டு கூடங்கள் இருந்தன. விற்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் துணிகளை நெய்தவர்களே. அயலூரான் நேராக நெசவாளி கையிலிருந்தே வாங்கினான். விற்பனைக்கு வைப்பதற்கு முன் ஒவ்வொரு துணியிலும் அரசாங்க முத்திரை குத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதமும் அடியும் உண்டு. இரண்டாவது, கங்கை நீர். புத்தம்புது மண்பாண்டத்தில் நீரை நிரப்பி, வாய் மூடி, தலைமைப் புரோகிதர் முத்திரை வைத்துக் கொடுப்பாராம். அதைத் தோளில் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான காதம் போவார்களாம். கல்யாண விருந்தின் முடிவில் விருந்தினருக்கு அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது செல்வந்தர் வீட்டுப் பெருமையாம்.

ஆக, 350 வருஷத்துக்கு முன்பே காசியில் துணிக்கும் முத்திரை, தண்ணிக்கும் முத்திரை. உள்ளே இருப்பது என்ன என்று வாங்குகிறவனால் சோதிக்க முடியாத பொருளுக்கு முத்திரைதான் உயிர்.

இன்றைய காசிச் சொம்பு அதே வம்சம்தான். மண்பாண்டம் போய்ச் செம்பும் பித்தளையும் வந்தது. மூடியை வைத்துச் சுற்றிலும் ஈயத்தால் பற்றவைத்துவிடுவார்கள். பாத்திரக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சொம்பின் தகடு அனேகமாகக் காகிதம் போல இருக்கும். வேறு எந்தச் சொம்பையாவது இந்த கனத்தில் நம் தாய்மார்களிடம் நீட்டினால் கடையிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். காசியில் யாரும் எடை பார்ப்பதில்லை, குலுக்கியும் பார்ப்பதில்லை. “கங்கைக்குப் போய்ப் பேரம் பேசறதா?” என்பார்கள். அந்தச் சொம்பு ஊருக்குப் போய்ப் பூஜை அறையில் உட்காரும். சில வீடுகளில் அதை இராமேசுவரம் கொண்டுபோய் அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். சில வீடுகளில் பெரியவர் ஒருவரின் கடைசி மூச்சு வரை திறக்காமலே இருக்கும். பயன்படப் போகிற அந்த ஒரு நாளுக்காக வாங்குகிற பொருள் அது. அதனால்தான் தகட்டின் கனம் யாருக்கும் தோன்றுவதில்லை.

பித்தளை அன்னபூரணி விஷயமும் சொல்லிவிடுகிறேன். காசியில் பித்தளை வேலை செய்கிற தட்டார்கள் இல்லாமலில்லை, தட்டேரி பஜார் என்று தெருவே இருக்கிறது. ஆனாலும் சந்துக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் சிறு விக்கிரகங்களில் பல அலிகரிலும் மொராதாபாத்திலும் வார்த்தவை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரகசியமில்லை. அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அன்னபூரணி சந்நிதியில் வைத்து எடுத்துக்கொண்டால் அது காசி அன்னபூரணிதான். ஆனால் காசி வேலைப்பாடு என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

காசிக் கடைத்தெருவில் தமிழ் ஒலிப்பதற்கும் காரணம் பழையது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் அங்கே மடம் நிறுவினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் நடத்தி, விசுவநாதர் பூஜைக்குத் திரவியங்கள் அனுப்பி வருகிறார்கள். அனுமன் கட்டத்தில் மகாகவி பாரதி வாழ்ந்த வீடு இருக்கிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் போனதால், கேதார கட்டத்துப் பக்கம் கடைக்காரப் பையன்கூட “வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க, வாங்க வேண்டாம், பார்த்தாப் போதும்” என்பான். எங்களைப் போன்ற ஜைனருக்கும் காசி அந்நியமில்லை. பேலூப்பூர் பார்சுவநாதரும் பதைனி சுபார்சுவநாதரும் அவதரித்த இடங்கள். சம்மேத சிகரம் போகிற ஜைனர் பலர் வழியில் இங்கே இறங்காமல் போவதில்லை. 2021 டிசம்பரில் விசுவநாதர் கோயில் வளாகம் விரிவாக்கித் திறந்தபோது 300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எடுக்கப்பட்டன. அவற்றோடு சில பழைய சந்துகளும் போயின. இப்போது நடக்க இடமுண்டு. இடித்துக்கொண்டு நடந்த காசியைப் பார்த்தவர்களுக்கு ஏதோ குறைகிற மாதிரிதான் இருக்கும்.

இனி ஜெய்ப்பூர். காசி எப்போது தோன்றியது என்று யாரும் தேதி சொல்ல முடியாது. ஜெய்ப்பூருக்குத் தேதியே உண்டு: 1727 நவம்பர் 18. சவாய் ஜெய்சிங் மன்னர் ஆமேரிலிருந்து இறங்கி வந்து, வித்யாதர் பட்டாச்சாரியார் என்ற வங்காளியின் யோசனைப்படி சமவெளியில் கட்டமிட்டுக் கட்டிய ஊர். ஒன்பது கட்டங்கள். பெரிய வீதிகளுக்கு 111 அடி அகலம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முகப்புடைய கடைகள். வியாபாரிகளையும் கைவினைஞர்களையும் வரவழைத்துச் சலுகை கொடுத்து, தொழிலுக்கு ஒரு தெருவாகக் குடியேற்றினார். ஜோஹரி பஜார் என்றால் நகைக்காரர் வீதி, மணிஹாரோன் கா ராஸ்தா என்றால் வளையல்காரர் சந்து. காசியில் கோயிலுக்குப் போகிற வழியில் கடை முளைத்தது. இங்கே கடைக்காகவே வழி போட்டார்கள். ஜெய்ப்பூரில் வாங்குகிற முதல் ஆள் பக்தன் இல்லை, அரண்மனை. ராஜாவின் கார்க்கானாக்களுக்கு வேலை செய்தவர்களுக்குச் சாமான் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த ஊரில் செய்தது என்பதா கேள்வி?

அரண்மனை வாங்குவது குறைந்த காலத்தில் இன்னொரு வாடிக்கைக்காரர் வந்தார். 1876இல் இங்கிலாந்து இளவரசர் வருகைக்காக மன்னர் ராம்சிங் ஊருக்குக் காவி கலந்த சிவப்புச் சுண்ணாம்பு அடித்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சங்கதி அவர் ஒரு கலைப்பள்ளி நடத்தியது. அவருக்குப்பின் 1883இல் ஜெய்ப்பூரில் பெரிய கைத்தொழில் கண்காட்சி நடந்தது. முன்னின்று நடத்தியவர் ஹெண்ட்லி என்ற ஆங்கில வைத்தியர். அங்கே வந்த சாமான்களில் நல்லவற்றை 1887இல் திறந்த ஆல்பர்ட் ஹால் மியூசியத்தில் வைத்தார்கள். கைவினைஞன் அவற்றைப் பார்த்து நல்ல மாதிரியைக் கற்க வேண்டும், வெளியூரான் பார்த்து ஆசைப்பட வேண்டும் என்பது நோக்கம். இன்று நாம் ‘ஞாபகார்த்தப் பொருள்’ என்று பையில் போடுவது ஜெய்ப்பூரில் அங்கேதான் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். காசியிலிருந்து எடுத்துவருவது சாட்சி, ‘போய்விட்டு வந்தேன்’ என்பதற்கு. ஜெய்ப்பூரிலிருந்து எடுத்துவருவது மாதிரி, ‘இப்படியும் செய்கிறார்கள்’ என்பதற்கு.

சுற்றுலாக்காரனுக்கு விற்பதால் கைத்தொழில் கெட்டுப் போகிறது என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீலப் பீங்கானைப் பாருங்கள். இதில் களிமண்ணே இல்லை. வெண்கல் பொடி, கண்ணாடிப் பொடி, முல்தானி மண், பிசின் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அமுக்கி, கோபால்ட் நீலத்தில் பூ வரைந்து, ஒரே தடவை சுடுவார்கள். ராம்சிங்கின் கலைப்பள்ளியில் செழித்த இந்த வேலை, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வாங்குவார் இல்லாமல் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. கமலாதேவி சட்டோபாத்யாயா, மகாராணி காயத்ரி தேவி போன்றவர்களின் ஆதரவில் ஓவியர் கிருபால்சிங் செகாவத் அதைத் திரும்ப உயிர்ப்பித்தார். 1974இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்று அந்தத் தட்டையும் கதவுக் குமிழையும் வாங்குவது பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான். அவர்கள் வாங்காவிட்டால் அந்த அடுப்பு அணைந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இது நம் பீங்கான் தட்டு மாதிரி உறுதி இல்லை, கீழே விழுந்தால் போச்சு. ரயிலில் கொண்டுபோகிறவர்கள் ரஜாய்க்குள் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலும் ஒரே கட்டில் முடிந்துவிடும்.

ஜெய்ப்பூரில் செய்கிறவனைக் கண்ணால் பார்க்கலாம். வளையல் சந்தில் கரியடுப்பின் எதிரில் உட்கார்ந்து அரக்கை உருக்கி, உருட்டி, உருளைக் கட்டையில் ஏற்றி, உங்கள் கை அளவுக்குச் சரிசெய்து சூடாகவே கொடுப்பார்கள். கஜானே வாலோன் கா ராஸ்தாவில் சலவைக்கல் சிற்பிகள் வாசலிலேயே செதுக்குகிறார்கள். தெருவே வெள்ளைப் பொடி. எங்கள் வந்தவாசி, ஆரணிப் பக்கத்து ஜினாலயங்களில் பழைய திருமேனிகள் கருங்கல்லும் பஞ்சலோகமுமாக இருக்கும். பிற்காலத்தில் வைத்த வெள்ளைச் சலவைக்கல் திருமேனிகள் ஜெய்ப்பூர் பக்கத்து வேலை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிறவனிடம்தான் நாம் பேரத்தை ஆரம்பிக்கிறோம்! மூடின சொம்புக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்த அதே அம்மாள், நெருப்பின் முன் வேர்வை ஒழுக உட்கார்ந்திருப்பவரிடம் ஜோடிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நின்றதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன். “பாதியிலேருந்து ஆரம்பிங்க” என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். பெரிய கடையில், நகைக்கடையில், அந்த வித்தை சரி. விலையில் தரகு சேர்ந்திருக்கும், ஆட்டோக்காரன் அழைத்துக்கொண்டு போன கடையானால் அவன் பங்கும் உண்டு. அடுப்பின் முன் இருப்பவரிடம் குறைக்க என்ன இருக்கிறது?

காசியில் நிலைமை நேர்மாறு. செய்கிறவன் கண்ணிலேயே படமாட்டான். தவர்னியே பார்த்த நெசவாளி தன் துணியைத் தானே விற்றான். இன்று மதன்புராவிலோ அலைபுராவிலோ வீட்டுக்குள் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் பெரும்பாலும் அன்சாரி முஸ்லிம்கள். நெய்த சேலை முதலில் கிரஸ்தா என்கிற பெரிய தறிக்காரரிடம் போகும். அவரிடமிருந்து சௌக் பக்கத்தில் வெள்ளை மெத்தை விரித்து உட்கார்ந்திருக்கும் கத்திதாரிடம் போகும். அங்கிருந்து கடைக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு. கோயிலுக்கும் மதன்புராவுக்கும் நடந்து போகிற தூரம்தான். காசிப் பட்டு வாங்கினவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறார்கள்?

காசிப் பட்டைக் காப்பாற்றியது யாத்திரிகர் அல்ல, கல்யாணம். வடக்கே மணப்பெண்ணுக்கு பனாரஸ் சேலை, நமக்குக் காஞ்சிப் பட்டு போல. இரண்டுக்கும் சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. பட்டு நூலில் பெருமளவு கர்நாடகத்தில் விளைந்தது. காஞ்சியில் கரையும் உடலும் கோர்வையாகச் சேர்வது அழகு. காசியில் ‘கடுவா’ என்று ஒவ்வொரு பூவையும் தனித்தனி நூலால் பின்னுவது அழகு. 1990களுக்குப் பிறகு சீனத்துப் பட்டு நூலும் சூரத் விசைத்தறியின் போலிச் சேலைகளும் வந்து காசித் தறிகளைச் சாய்த்தன. நெசவாளிகள் பலர் பிழைப்புக்கு சூரத்துக்கே போனார்கள். காசிப் பட்டின் போலியை நெய்கிற ஊருக்குக் காசிக்காரனே கூலிக்குப் போனான் என்றால் இதைவிடக் கொடுமை உண்டா! 2009இல் பனாரஸ் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாரணாசியும் சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களும் மட்டும் அந்தப் பெயரில் விற்கலாம். 2004இல் வந்த பட்டு முத்திரை, 2006இல் வந்த கைத்தறி முத்திரை இரண்டும் கூட உண்டு. தவர்னியே காலத்து ராஜ முத்திரை வேறு வடிவில் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் சொம்பின் ஈயத்தை நம்புகிற நாம் சேலையில் முத்திரை இருக்கிறதா என்று கேட்பதில்லை. சேலையைத் திருப்பிப் பாருங்கள். கடுவாவில் பின்பக்கம் நூல் தொங்காது, வெட்டின பிசிறும் இராது. கைத்தறியானால் கரை ஓரத்தில், துணியை இழுத்துப் பிடித்த ஊசியின் பொடித் துளைகள் தெரியும். இந்த இரண்டைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் கொடுக்கிற பணம் மதன்புராவுக்குப் போகிறதா, எங்கோ ஓடுகிற இயந்திரத்துக்குப் போகிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு சொந்தச் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஜைன சாஸ்திரங்களில் இல்லறத்தான் செய்யக்கூடாத வியாபாரங்களில் அரக்கு வியாபாரமும் ஒன்று, பூச்சிகளின் உயிர் போவதால். பட்டும் புழுவைக் கொன்று எடுப்பதே. ஆக இரண்டு ஊரிலும் பேர்பெற்ற சரக்கு எங்களுக்கு ஆகாதது. எங்கள் வீட்டுப் பெண்களிடம் இதை எடுத்துச் சொன்னால், “அப்ப கல்யாணத்துக்கு நீங்க பருத்தி வேஷ்டி கட்டிக்கிட்டு வாங்க, நாங்க பட்டுல வர்றோம்” என்கிறார்கள். அதற்கு மேல் சாஸ்திரம் பேச முடிவதில்லை.

காசியின் பெயரையே சுமந்த ஒரு ஜைன வியாபாரி உண்டு. பனாரசிதாஸ், 1586இல் ஜவுன்பூரில் பிறந்தவர். குழந்தையைக் காசிப் பார்சுவநாதர் கோயிலுக்கு எடுத்துப்போனபோது ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெரியவனானதும் தகப்பனார் கொடுத்த மணியும் துணியும் நெய்யும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஆக்ராவுக்கு வியாபாரத்துக்குப் போனார். மணிகளில் சில இடுப்புக் கயிற்றிலிருந்து நழுவிப் போயின, சிலவற்றை எலி இழுத்துக்கொண்டு போயிற்று. இதையெல்லாம் மறைக்காமல் 1641இல் ‘அர்த்தகதானக்’ என்ற தன் வரலாற்றில் எழுதி வைத்தார். ஆயுளில் பாதி முடிந்த கதை என்பதால் அந்தப் பெயர். வியாபாரத்தில் தோற்ற அவர்தான் குந்தகுந்தாசாரியாரின் சமயசாரத்தைத் தழுவி ஹிந்தியில் ஒரு நூல் செய்தவர். குந்தகுந்தர் தவம் செய்த மலை வந்தவாசிக்குப் பக்கத்துப் பொன்னூர் மலை என்பது எங்கள் மரபு. அடுத்த நூற்றாண்டில் ஜெய்ப்பூரில் பண்டிதர் டோடர்மல், சிரவணபெளகொளாவோடு சேர்ந்த நேமிசந்திரரின் கோம்மடசாரத்துக்கு அந்த ஊர் மொழியில் உரை எழுதினார். ஊரில் வியாபாரிகள் கடை மூடிய பிறகு உட்கார்ந்து அதைப் படித்தார்கள். தெற்கத்திச் சரக்கு வடக்கே போனதும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

போன தடவை மச்சினர் குடும்பத்தை ஜெய்ப்பூர் கூட்டிக்கொண்டு போனபோது, அவர்கள் இரண்டு ரஜாயும் ஆறு ஜோடி வளையலும் வாங்கினார்கள். நான் ஒரு ஜைனப் புத்தகக் கடையில் சமயசாரம் ஹிந்தி உரையோடு ஒரு பிரதி வாங்கினேன். அச்சடித்த விலைதான், பேரத்துக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும், “நம்ம ஊர் மலையில எழுதினதை வாங்கவா அவ்வளவு தூரம் போனீங்க?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. ரஜாய் நன்றாக இருக்கிறது. சனவரிக் குளிருக்கு அதைப் போர்த்திக்கொண்டுதான் அந்தப் புத்தகத்தைப் படித்து வருகிறேன்.